மார்பு நோய்ச் சோதனையும் மக்களும்

சில மாதங்களுக்கு முன்னர் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் நான்காய் மடித்த கடதாசிகள் சிலவற்றைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தான். நெடுங்காலமாக இளைப்பும் இருமலுமாய் வருந்தும் அவனுடைய பாட்டியாரை, நுரையீரல் நோய் பற்றிய மருந்தாய்வு ஒன்றிற் சேர விருப்பமா என்று கேட்டிருந்தனர். ஆய்வின் நோக்கம், நேரக்கூடிய இடர்கள், விரும்பிய வேளையில் விலகிக்கொள்ளும் உரிமை ஆகியன அதில் அச்சிடப்பட்டிருந்தன. எல்லாம் தமிழிலேயே இருந்தன. ஆயினும் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற நாமே சில வாக்கியங்களை இருமுறை வாசிக்க வேண்டியிருந்தது. கையொப்பம் வைக்கலாமா என்பது மாணவனின் வினா. பாட்டியார் சொல்லியனுப்பிய வினா வேறு: “மோனை, மருந்து நல்லதெண்டு கண்டால், பிறகும் எங்களுக்குத் தருவினமோ?”

மாணவனின் வினாவுக்கு வைத்தியரே விடை கூறத்தக்கவர். பாட்டியாரின் வினாவோ வரலாற்றின்பாற்பட்டது. மருந்துச் சோதனைகளில் தம் உடலை ஒப்படைத்த ஏழை மக்களுக்கு அச்சோதனைகளின் பலன் எந்த அளவிற் போய்ச் சேர்ந்தது? இதற்கு விடை காண நாம் தொலைதேசம் செல்ல வேண்டியதில்லை. மார்பு நோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிய சோதனையொன்று, கடலுக்கு அப்பால், நம் மொழி பேசும் சென்னை நகரத்து ஏழைகளிடையே நிகழ்ந்தது.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சோதனை’ என்னுஞ் சொல் நம் பேச்சு வழக்கிலே துன்பத்தையுங் குறிக்கும். “ஆண்டவனே, இதென்ன சோதனை” என்றே நம் முதியோர் அலமருவர். எனவே ‘உங்களை ஒரு சோதனையிற் சேர்க்கிறோம்’ என்று வைத்தியர் கூறுமிடத்து, கேட்பவரின் நெஞ்சு துணுக்குறுவது இயல்பே. ஆனால் வைத்தியத்திற் சோதனை என்பது ஒப்பீடு ஆகும். நமது மரபு வைத்தியம் தலைமுறை தலைமுறையாகத் திரண்ட அனுபவத்தைப் பொன்னெனப் போற்றியது. யாழ்ப்பாணத்துப் ‘பரராசசேகரம்’ போன்ற வைத்திய நூல்கள் அதற்குச் சான்று. எனினும் ஒருவர் குணமடைந்தது மருந்தினாலா, ஓய்வினாலா, தானாகவா என்பதைத் தனியனுபவங் கொண்டு பிரித்தறிதல் அரிது. ஒரே நிலையிலுள்ள நோயாளர்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றினருக்கு ஒரு சிகிச்சையும் மற்றையோருக்கு வேறொன்றும் அளித்து, விளைவை எண்ணிப் பார்க்கும்போதே ஐயம் நீங்கும். யார் எக்கூற்றிற் சேர்வது என்பதை வைத்தியரின் விருப்பு வெறுப்பு தீர்மானித்தலாகாது. கோயிலிலே திருவுளச் சீட்டு எடுப்பது போன்று, எவரது கையும் சாயாத முறையில் அது தீர்மானிக்கப்பட வேண்டும்.

இம்முறை புகழ்பெற்றதும் மார்பு நோயினாலேயே. 1946 ஆம் ஆண்டு தொடங்கிப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ரெப்ரோமைசின் மருந்தைக் காசநோயாளர் 107 பேரிடையே ஆராய்ந்தது. புள்ளிவிவர அறிஞரான ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில் அதன் அமைப்பை வகுத்தார். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துள் இறந்தோர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தோர் 14 பேர். 1948 இல் வெளியான இம்முடிவு உலகை வியக்கச் செய்தது. ஆயின் அதன் மறுபுறத்தையும் நாம் மறத்தலாகாது. ஓய்வு மட்டும் பெற்றவர்கள் தாம் ஒரு சோதனையில் இடம்பெற்றிருப்பதை அறியவில்லை. அவர்களிடம் எவரும் கேட்கவுமில்லை. அறிவியல் அன்று ஒரு பெரும் அடி முன்வைத்தது; நோயாளியை மனிதனாய் மதித்து வினவும் பண்பு அதனோடு ஒத்து நடக்கவில்லை.

மருந்து கிடைத்த பின்னரும் ஒரு பெருஞ்சிக்கல் எஞ்சி நின்றது. காசநோயாளரைச் சானடோரியத்தில் வைத்தே குணப்படுத்த முடியும் என்பது அக்காலத்து உறுதியான நம்பிக்கை. நல்ல காற்று, நிறைந்த உணவு, முழு ஓய்வு, வீட்டாரிடமிருந்து பிரிவு ஆகிய நான்கும் சிகிச்சையின் தூண்களெனப்பட்டன. சென்னைக்கருகே தாம்பரத்தில் 1928 இல் வைத்தியர் சௌரி முத்து நிறுவிய சானடோரியமும், நமது காங்கேசன்துறையிற் கடற்காற்றை நம்பி அமைந்த சானடோரியமும் இந்நம்பிக்கையின் விளைவுகளே. ‘சயம்’ என்று வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சிய காலம் அது. நோயாளி உள்ள வீட்டிற் சம்பந்தஞ் செய்யவும் பலர் தயங்கினர். சானடோரியத்துக்குச் சென்றவர் திரும்பி வருவாரோ என்ற ஏக்கத்துடன் வீடுகள் காத்திருந்தன.

இந்தியாவிலோ நோயாளர் பல இலட்சம். படுக்கைகளோ சில பதினாயிரம். அனைவருக்குஞ் சானடோரியம் கட்டுவதென்றால் அந்நாட்டின் செல்வம் போதாது. அப்படியாயின் படுக்கை கிடையாத ஏழை சாகத்தான் வேண்டுமா? அன்றி, அவன் குடியிருக்கும் அந்த நெரிசலான வீட்டிலேயே மருந்தளித்துக் குணப்படுத்தல் இயலுமா? அதற்கு முன் இவ்வினாவுக்குத் தெளிவான விடை எங்கும் இருக்கவில்லை. செல்வ நாடுகளுக்கு இவ்வினாவை எழுப்ப வேண்டிய அவசரமும் இருக்கவில்லை. வினா ஏழைகளுடையது, ஆதலின் விடையும் அவர்களிடையிலேயே காணப்பட வேண்டியிருந்தது.

1956 ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டிலே காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் இணைந்தன. வோலஸ் பொக்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர், இந்திய வைத்தியர்களோடும் தாதியரோடும் வீடு வீடாய்ச் செல்லும் சுகாதார ஊழியரோடும் இதனை நடத்தினார். இருநூறுக்குங் குறைந்த நோயாளரே முதற் சோதனையிற் சேர்க்கப்பெற்றனர். அவர்கள் நகரத்து ஏழைகள். பலர் ஒற்றை அறையிலே குடும்பத்தோடு உறங்கியவர்கள். சீட்டு முறைப்படி ஒரு பாதியினர் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மறுபாதியினர் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஐசோனயசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளும் ஓராண்டு காலம் அளிக்கப்பட்டன.

வீட்டிலிருந்தோருக்குக் கிடைத்தது மருந்து மட்டுமே. அவர்கள் உணவு குறைந்தது, ஓய்வு அரிது. சானடோரியத்திலிருந்தோர் நன்கு உண்டனர். உடல் எடையும் மிகுதியாய்க் கூடினர். எனினும் ஓராண்டின் முடிவிற் சளியைச் சோதித்து நோக்கியபோது, சானடோரியத்திலிருந்தோருள் நூற்றுக்கு 92 பேரிடமும், வீட்டிலிருந்தோருள் நூற்றுக்கு 86 பேரிடமும் நோய் அடங்கியிருந்தது. பெரிதென்று சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 1959 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் இம்முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தின் நான்கு தூண்களும் இல்லாமலே மருந்து தன் வேலையைச் செய்தது என்பதைச் சென்னையின் ஏழைகள் உலகத்துக்குக் காட்டினர்.

நோயாளியை வீட்டில் வைத்திருந்தால் குழந்தைகளுக்கு நோய் தொற்றாதா என்ற நியாயமான அச்சமும் இருந்தது. இதற்கும் ஊகத்தால் விடை கூறப்படவில்லை. இரு சாராரின் வீட்டாரும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றமையால் வீட்டாருக்கு நோய் மிகுதியாய் வரவில்லை என்பது 1966 இல் வெளியான அறிக்கையிலே தெளிவாயிற்று. ஆகவே இச்சோதனையிற் பங்குகொண்டோர் நோயாளர் மட்டுமல்லர். நெஞ்சுப் படம் எடுப்பதற்காகத் தாயின் கைபிடித்துச் சென்ற சிறுவரும் இதன் பங்காளரே. விஞ்ஞானிகளின் பெயர்கள் அறிக்கைகளின் முகப்பில் உள்ளன. இம்மக்களின் பெயர்களை எந்த நூலும் சொல்வதில்லை. உலகெங்கும் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு காசநோயினின்று மீண்டு வேலைக்குத் திரும்பும் இலட்சக்கணக்கானோர் இவர்களுக்குக் கடமைப்பட்டவர்கள்.

இனி, இச்சோதனை எதை மெய்ப்பிக்கவில்லை என்பதையும் நாம் மனங்கொள்ள வேண்டும். வறுமையிலும் மருந்து வேலை செய்யும் என்பதே மெய்ப்பிக்கப்பட்டது. வறுமை நோயை விளைப்பதில்லை என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. ‘மாத்திரை போதும், வீடு வேண்டியதில்லை, உணவு வேண்டியதில்லை’ என்று ஆட்சியாளர் இதனைத் திரித்துக்கொள்வாராயின், அது அறிவியலின் பிழையன்று, ஆட்சியின் வஞ்சகம். ஒற்றை அறையில் எண்மர் உறங்கும் நிலை நீங்காதவரை, ஒருவரைக் குணப்படுத்தும் வேளையில் இன்னொருவர் நோய்ப்படுவார்.

பலன் போய்ச் சேர்ந்ததா என்ற பாட்டியாரின் வினாவுக்கு வருவோம். சேர்ந்தது, ஆனால் ஊர்ந்து ஊர்ந்தே சேர்ந்தது. இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம் 1962 இல் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டே எழுந்தது. மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமையே பெருந்தடை என்பதைக் கண்ட சென்னை ஆய்வாளர், வாரத்துக்கு இருமுறை ஊழியர் கண்முன்னே மருந்துண்ணும் முறையையும் ஆராய்ந்து 1964 இல் வெளியிட்டனர். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அதுவே வித்தாயிற்று. ஆனால் 1992 இல் இந்தியத் திட்டத்தை மீளாய்வு செய்தபோது, பணமும் மருந்தும் போதாமையால் நோயாளருட் பெரும்பாலோர் சிகிச்சையை முடிக்காமலே கைவிட்டமை வெளிப்பட்டது. திருத்திய திட்டம் நாடளாவ விரியத் தொடங்கியது 1997 இலேதான். வழி கண்ட நகரத்து மக்களுக்கே அவ்வழி சீராய்த் திறக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. கண்டுபிடிப்பு விரைந்து நடந்தது. நிருவாகம் நொண்டி நடந்தது.

சோதனையென்றால் நற்செய்தி வந்தே தீரும் என்பதுமில்லை. 1968 இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய மாபெருஞ் சோதனை தொடங்கியது. சுமார் 260,000 பேர் ஊசி ஏற்றுக்கொண்டனர். ஒரு பகுதியினருக்கு மருந்து, எஞ்சியோருக்கு மருந்தற்ற நீர்மம். பல்லாண்டு காத்திருந்து 1979 இல் வெளியிட்ட முடிவு ஏமாற்றந் தந்தது. வளர்ந்தோரின் நுரையீரற் காசநோயைத் தடுக்க அவ்வூசி அங்கு பயன்படவில்லை. அம்முடிவை மறைக்காது வெளியிட்டமை அம்மக்களுக்குச் செய்த மரியாதையாகும். ‘பயனில்லை’ என்ற விடையும் விடையே; அதை மூடிவைப்பதே துரோகம்.

துரோகங்களும் நிகழ்ந்துள்ளன. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற ஏறத்தாழ 400 கறுப்பின ஏழை உழவர்களை அரச சுகாதாரத் துறை ‘ஆய்வு’ என்ற பெயரால் வேடிக்கை பார்த்தது. பெனிசிலின் என்னும் மருந்து கைக்கெட்டிய பின்னரும் அது அவர்களுக்கு அளிக்கப்படவில்லை, உண்மையுஞ் சொல்லப்படவில்லை. நாற்சி வைத்தியர்களின் கொடுமைகளை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றம், மனிதனது மனமுவந்த இசைவின்றிச் சோதனை கூடாது என்று 1947 இலேயே வரையறுத்திருந்தும், இது கால் நூற்றாண்டு தொடர்ந்தது. 1964 இல் உலக மருத்துவ சங்கம் கெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 இல், புதிய மருந்துச் சோதனையிற் சேர்வோரின் இசைவை ஒலி ஒளிப் பதிவு செய்யுமாறு பணித்தது. இவ்விதிகளுள் எதுவும் ஆள்வோரின் கருணையாற் பிறந்ததன்று. ஒவ்வொன்றின் பின்னும் ஏமாற்றப்பட்ட மக்களும், அவர்களுக்காகக் குரலெழுப்பிய மக்களும் உள்ளனர்.

நமது குடாநாட்டை நோக்குவோம். காசநோய்க்கு மருந்து உண்டு. ஆனால் நம் அயலிலே மூச்சுக்காகப் போராடும் முதியோர் பலரை வருத்துவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ‘முட்டு’ என்றும் ‘தொய்வு’ என்றும் பொதுப்பெயரால் அழைத்து, வயதின் குற்றமென்று விட்டுவிடுகிறோம். சுருட்டுப் புகைத்தோர் இதற்கு இலக்காவர் என்பது தெரிந்ததே. சுருட்டைத் தொடாத நம் தாய்மாரோ பனைமட்டையும் ஊமலும் தென்னம்பாளையும் எரித்த அடுப்படிப் புகையிலே ஆயுளின் பாதியைக் கழித்தவர்கள். புகையிலையைப் புகையூட்டிப் பதப்படுத்தும் குடில்களில் உழைத்தோரும், 1950 முதல் 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் தூசியிடை உழைத்தோரும் நம்மிடையே உளர். இவர்களது நுரையீரல் சுமக்கும் வரலாறு, மேனாட்டுச் சிகரெட் புகைப்பவரின் வரலாற்றினின்று வேறுபட்டது. இந்நோய்க்கான மருந்துகளுட் பல அத்தகைய மேனாட்டாரிடையே ஆராயப்பட்டவை. நம் பாட்டியாரின் மூச்சுக்கு எது உதவும் என்பதை அவரை ஒத்தாரிடம் வினவாமல் எவ்வாறு அறிவது?

வினவியதனாற் பயன் விளைந்தமைக்கு இந்நோயிலேயே சான்றுண்டு. 1981 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், இந்நோய் முற்றிய 87 பேர் பங்குகொண்டனர். நாளொன்றுக்கு 15 மணிநேரமேனும் வீட்டில் ஒட்சிசன் பெற்ற 42 பேரில் ஐந்தாண்டில் இறந்தோர் 19 பேர். பெறாத 45 பேரில் இறந்தோர் 30 பேர். இரத்தத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்த நோயாளருக்கு இன்று வீட்டில் ஒட்சிசன் விதிக்கப்படுவது அந்த 87 பேரின் துணையினால் விளைந்த அறிவாகும். அண்மையிலே பாக்கு நீரிணைக்கு அப்பால் நாகப்பட்டினத்து ஊர்களிலும் கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் அடுப்புப் புகை பற்றிய ஆய்வொன்று நடந்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளும் அதிற் சேர்ந்தன. நான்கு நாடுகளிலுமாகக் கர்ப்பிணிப் பெண்கள் 3,200 பேரில் ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாய் அளிக்கப்பட்டன. வீட்டுப் புகை பெரிதுங் குறைந்தது. ஆயினும் 2022 இல் வெளியான முடிவின்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த உயர்வு காணப்படவில்லை. அடுப்பை மாற்றுவது மட்டும் போதுமா, புகை படியாத இளமையிலிருந்தே தொடங்க வேண்டுமா என்ற வினாக்கள் இப்போது கூர்மையடைந்துள்ளன.

சோதனையிற் சேர்பவர் அறிந்து சேர வேண்டும். அறிவதற்கு மொழி வேண்டும். இவ்வகையில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் உயர்ந்த முன்மாதிரி உண்டு. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஷ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவுகள். மதம் பரப்புதல் அவரது நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் உடலைப் பற்றிய அறிவு உடலுக்குரியவரின் மொழியில் இருத்தல் வேண்டும் என்பதை அவர் கண்டார். நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர், ஒரு பாட்டியாரின் கையிற் கொடுக்கப்படும் தாள் அவருக்கு விளங்காத தமிழில் இருக்குமாயின், நாம் அவரினும் பின்னடைந்துவிட்டோம் என்றே கொள்ள வேண்டும். இங்கே தமிழாசிரியர்களாகிய நமக்கும் வேலை இருக்கின்றது.

நமது நாட்டில் இன்று சில காவல்கள் உண்டு. 2006 முதல் இலங்கை மருந்தாய்வுப் பதிவேடு இயங்குகின்றது. அதிற் பதியப்பெற்ற ஆய்வுகளின் விபரத்தை எவரும் பார்க்கலாம். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் மருந்துச் சோதனைகளைத் தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கண்காணிப்பிற் கொணர்ந்தது. 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் ஆய்வுகளின் அறநெறியை ஆராயும் குழு உண்டு. ஆனால் காவலும் விதியும் ஏட்டில் உறங்காதிருக்க, கேட்போர் வேண்டும். கேட்கத் தெரிந்த மக்களே விதிகளுக்கு உயிர் தருவர்.

ஆகவே மாணவனிடம் நாம் சேரென்றும் சொல்லவில்லை; சேராதேயென்றும் சொல்லவில்லை. இருவரும் அத்தாளை ஒரு மாலைப்பொழுது முழுவதும் வாசித்துப் பாட்டியார் பேசும் தமிழில் எழுதினோம். இவ்வாய்வு எங்கே பதியப்பட்டுள்ளது, எக்குழு இதற்கு இசைந்தது, இப்போது உண்ணும் மருந்தை நிறுத்த நேருமா, தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு, விலகினால் வழமையான சிகிச்சை தொடருமா, முடிவை எங்களுக்கும் அறிவிப்பார்களா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றைக் கீழே குறித்தோம். இறுதியிற் பாட்டியாரின் வினாவையும் அவர் சொன்னவாறே எழுதினோம். சோதனை முடிந்தபின் பயன் தந்த மருந்து பங்காளருக்குக் கிடைக்க வேண்டும் என்று கெல்சிங்கிப் பிரகடனம் 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான் சேர்த்துக்கொண்டது. அறிஞர் பல்லாண்டு கூடி எழுதிய அவ்விதியை, எழுத்தறியா ஒரு கிழவி தன் அடுப்படியில் இருந்தே கண்டுகொண்டாள்.

வைத்தியர் அத்தாளைப் பொறுமையோடு வாசித்தாராம். பல வினாக்களுக்கு அப்போதே விடை கூறினாராம். கடைசி வினாவுக்கு மட்டும், “இதை நான் மேலிடத்தில் எழுத்தில் கேட்டுச் சொல்கிறேன்” என்றாராம். அவ்விடை எழுத்தில் வரும்வரை கையொப்பம் வைப்பதில்லை என்பது பாட்டியாரின் முடிவு. அது மறுப்பன்று, பங்காளரின் நியாயமான நிபந்தனை.